பிள்ளை கேட்கும் கேள்விகள் நின்றுபோகாமல் இருக்க வீட்டில் என்ன செய்யலாம்?

கோப்பாய்த் தாய்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயது. இளையவளுக்கு ஆறு வயது. இந்த ஆண்டுதான் தரம் ஒன்றில் சேர்ந்தாள். நான் ஆலோசனை கேட்க வந்தது இளையவளைப் பற்றி என்றாலும், மூத்தவனைப் பற்றிச் சொல்லாமல் அதைக் கேட்க முடியாது.

மூத்தவன் சிறு வயதில் எதையும் விட்டுவைக்காமல் கேட்பான். வேலிக் கதியாலில் ஏறும் எறும்பு வரிசை எங்கே போய் முடிகிறது என்று பார்ப்பதற்காக ஒரு பகல் முழுவதும் வெயிலில் குந்தியிருந்திருக்கிறான். தரம் மூன்றிலிருந்து அவனைத் தரம் ஐந்தில் நடக்கும் புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்புகளுக்கு அனுப்பினோம். பாடசாலை முடிந்ததும் ஓரிடம், சனி ஞாயிறில் இன்னோரிடம், இரவில் மாதிரி வினாத்தாள். வெட்டுப்புள்ளிக்கு மேலே புள்ளிகள் பெற்றான். உறவினர்கள் எல்லோரும் வாழ்த்தினார்கள். பெறுபேறு வந்த அன்று மாலை அவன் அந்தப் பயிற்சிப் புத்தகங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டு, "இனி இதுகளைத் தொடத் தேவையில்லைத்தானே அம்மா?" என்று கேட்டான். அதன் பிறகு அவன் ஏன், எப்படி என்று எங்களிடம் எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. படிக்கிறான், புள்ளி எடுக்கிறான், ஆனால் கேட்பதில்லை. கற்பித்தவர்கள் மீது நான் குறை சொல்லவில்லை. அனுப்பியவர்கள் நாங்கள்.

இப்போது இளையவள் கேட்கத் தொடங்கியிருக்கிறாள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கும்போது, கடலோரத்தில் இருக்கும் அம்மம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் மட்டும் ஏன் உவர்க்கிறது என்று கேட்டாள். மறுநாள் இரவு, நூறு வராத எண்ணுக்கு ஏன் "தொண்ணூறு" என்று பெயர் வைத்தார்கள் என்று கேட்டாள். அன்று நான் சமையல் வேலையில் இருந்தேன். "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கு நெஞ்சில் ஏதோ குத்தியது போல இருந்தது, ஏனென்றால் மூத்தவனுக்கும் நான் பல முறை இதையே சொல்லியிருக்கிறேன்.

மாமி இவளை இப்போதே கணித வகுப்பிலும் ஆங்கில வகுப்பிலும் சேர்க்க வேண்டும் என்கிறார். விஞ்ஞானமும் கணிதமும் பிற்பாடு ஆங்கிலத்தில்தானே வரப்போகின்றன, ஆகவே வீட்டிலேயே ஆங்கிலம் பேசிப் பழக்குவோம் என்பது என் கணவரின் எண்ணம். நான் உயர்தரத்தில் கலைப்பிரிவில் படித்தவள். கணிதம் என்றால் எனக்கு இன்றும் பயம். விடை தெரியாத தாய் ஒருத்தி தன் பிள்ளையின் விருப்பத்தை எப்படிக் காப்பது என்பதே என் கேள்வி. மூத்தவனுக்கும் ஏதாவது செய்ய முடியுமா என்பதையும் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வடமராட்சி:

தங்கச்சி, முப்பத்திரண்டு ஆண்டுகள் கணிதம் படிப்பித்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்கிறேன். விடை தெரியாத தாய் என்று உங்களைத் தாழ்த்திக்கொள்ளாதீர்கள். விடையை உடனே சொல்லிவிடும் பெரியவர்களிடம் பிள்ளை ஒரு முறை கேட்டுவிட்டு ஓடிவிடும். "எனக்கும் தெரியாது, வா, இருவரும் பார்ப்போம்" என்று சொல்பவரிடம்தான் அது நெடுநேரம் தங்கி நிற்கும். ஆனால் அப்படிச் சொன்ன பிறகு உண்மையாகவே பார்க்க வேண்டும். பார்ப்போம் என்று சொல்லிவிட்டு மறந்துபோவது, "அது அப்படித்தான்" என்பதைவிடக் கூடுதலாகப் பிள்ளையை ஏமாற்றும்.

தொண்ணூறு பற்றி உங்கள் மகள் கேட்டது மிக நல்ல கேள்வி; பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிப்பவர்களும் கேட்கும் கேள்வி. அவளோடு இருந்து எண்களின் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இருபதில் இரண்டும் பத்தும் இருக்கின்றன, முப்பதில் மூன்றும் பத்தும் இருக்கின்றன, எண்பதில் எட்டும் பத்தும் இருக்கின்றன. எண்ணூறு என்றால் எட்டு நூறு. அந்தக் கணக்குப்படி தொண்ணூறு ஒன்பது நூறாக அல்லவா இருக்க வேண்டும்? ஆனால் அது ஒன்பது பத்தாகவே நிற்கிறது. ஒன்பது நூறுக்குத் தொள்ளாயிரம் என்று ஆயிரத்தைச் சேர்த்த பெயர் வந்துவிடுகிறது. ஒன்பது என்ற சொல்லின் கடைசியிலும் பத்தைக் குறிக்கும் "பது" இருப்பதைப் பாருங்கள். ஒன்பது வரும் இடங்களில் எல்லாம் பெயர் மேலே உள்ள அலகுக்குத் தாவிவிடுகிறது. பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்று இன்னொரு பெயர் இருந்தது. பரிபாடலில் அந்தச் சொல் வருகிறது. இவ்வளவையும் ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தேவையில்லை. ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்துச் சொற்கள் என்பதை அவளே கண்டுபிடிக்க வழிவிட்டால் போதும். அவள் கண்டுபிடிக்கும்போது அவள் முகத்தை மூத்தவனும் பார்க்கட்டும்.

பின்னத்தைக் கண்டு பிள்ளைகள் பயப்படுவதை நான் ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். அதற்கு எங்கள் மொழியே மருந்து வைத்திருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம், கைநொடிக்கும் நேரம். "அம்மா" என்ற சொல்லில் ஒன்று, அரை, இரண்டு, கூட்டினால் மூன்றரை. "அப்பா"வும் மூன்றரை. "அம்மம்மா" ஐந்து, "அப்பப்பா"வும் ஐந்து. "யாழ்ப்பாணம்" ஆறரை. சோறு தீத்தும் நேரத்தில் கையால் தட்டித் தட்டி இதைச் செய்யலாம். இரண்டு அரைகள் சேர்ந்தால் ஒன்றாகும் என்பதைக் கரும்பலகையில் எழுதி விளக்குவதற்கு முன்பே பிள்ளையின் காதும் கையும் அறிந்துவிடும்.

மூத்தவனுக்கு நான் வேறொன்று சொல்கிறேன். உங்கள் வீட்டில் கிடுகுக் கொட்டிலோ பழைய தகரக் கூரையோ இருந்தால் பகலில் உள்ளே போய்த் தரையைப் பாருங்கள். கூரையின் துளைகள் நீளமாகவும் கோணலாகவும் கிழிந்தும் இருக்கும்; ஆனால் துளை சிறியதாகவும் தரை போதிய தூரத்திலும் இருந்தால் கீழே விழும் ஒளிப்பொட்டுகள் உருண்டையாகவே இருக்கும். ஏனென்றால் அவை துளையின் வடிவம் அல்ல, சூரியனின் படம். இதை நான் வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகள் நம்புவதில்லை. 2010 ஜனவரி 15ஆம் திகதி, பொங்கலுக்கு மறுநாள் பிற்பகலில், யாழ்ப்பாணத்தில் கங்கண சூரிய கிரகணம், அதாவது நடுப்பகுதி மறைந்து சூரியன் வளையமாகத் தெரியும் கிரகணம், தெரிந்தது. அன்று எங்கள் மாட்டுக்கொட்டிலின் தரையில் நூற்றுக்கணக்கான ஒளி வளையங்கள் விழுந்து கிடந்தன. 2019 டிசெம்பர் 26ஆம் திகதி காலையில் இன்னொரு கங்கண கிரகணம் வந்தபோது, முன்பு நம்பாத ஒருவன், இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், தன் வீட்டு முற்றத்தில் மர நிழலுக்குள் வளையங்களைக் கண்டு எனக்குத் தொலைபேசி எடுத்தான்.

கிரகணம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மகனிடம் அளவு நாடாவையும் ஒரு வெள்ளைக் கடதாசியையும் கொடுங்கள். கடதாசியை ஒளிக்கதிருக்கு நேரே சாய்த்துப் பிடித்து ஒளிவட்டத்தின் அகலத்தை அளக்கட்டும். பிறகு வட்டத்திலிருந்து துளை வரையான தூரத்தை அளந்து, தூரத்தை அகலத்தால் பிரிக்கட்டும். சூரியனின் விட்டம் ஏறத்தாழ 13 இலட்சத்து 90 ஆயிரம் கிலோமீற்றர். சூரியன் எங்களிடமிருந்து ஏறத்தாழ 15 கோடி கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. பிரித்தால் 108 அளவில் வரும். கொட்டிலுக்குள் அளந்தாலும் அதே எண்ணுக்குக் கிட்ட வர வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: துளை வழியாகவோ வேறு எந்த வழியாகவோ பிள்ளைகள் சூரியனை நேரே பார்க்கக் கூடாது, தரையையும் கடதாசியையும் மட்டுமே பார்க்க வேண்டும்.

புத்தூர் விவசாயி:

அக்கா, உங்கள் மகளின் கிணற்றுக் கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் அந்தக் கேள்வியோடுதான் நாங்கள் பிழைக்கிறோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எங்களுக்கு இல்லை. மாரியில் மட்டும் வழுக்கையாறு ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழைதான் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி நிலத்தடியில் தங்கி நிற்கிறது. சுற்றிலும் கடல் என்பதால் கடல்நீரும் அதே கல்லுக்குள் கீழால் புகுந்திருக்கிறது. ஒரு கனமீற்றர் நன்னீர் 1000 கிலோ என்றால் அதே அளவு கடல்நீர் 1025 கிலோ அளவில் இருக்கும். அதனால் நன்னீர் மேலே மிதக்கிறது, உவர்நீர் கீழே கிடக்கிறது. குடாநாட்டின் நடுப்பகுதியில் நன்னீர்ப் படை தடிப்பாக இருக்கும். கடலோரத்துக்குப் போகப் போக மெலிந்துவிடும். அம்மம்மா வீட்டுக் கிணறு உவர்ப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் இருக்கும் நிலாவரைக் கிணற்றுக்கு இராமர் அம்பெய்த கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கிணற்றிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். கதையையும் சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். இரண்டும் பிள்ளைக்கு வேண்டும் என்பது என் எண்ணம்.

இதை ஒரு கண்ணாடிக் குவளையில் காட்டலாம். தண்ணீரில் உப்பை நன்றாகக் கரைத்து, பீற்றூட் சாறு விட்டுச் சிவப்பாக்கி, குவளையில் பாதி வரை ஊற்றுங்கள். அதற்கு மேலே ஒரு கரண்டியைப் பிடித்து, நல்ல தண்ணீரைக் கரண்டியின் மேல் மெல்ல மெல்ல வழிய விடுங்கள். அவசரப்படாவிட்டால் சிவப்புக் கீழேயும் தெளிந்த நீர் மேலேயும் தனித்தனியாக நிற்கும். இப்போது உறிஞ்சு குழாயை மேல் நீரின் அடி வரை மட்டும் விட்டுப் பலமாக உறிஞ்சச் சொல்லுங்கள். சிவப்பு மேலெழுந்து வரும். மெதுவாக, மேற்பரப்புக்குக் கிட்ட வைத்து உறிஞ்சினால் வராது. துலாவால் இறைத்த காலத்தில் எங்கள் அப்பு உவர்நீரைப் பற்றிப் பேசியதை நான் கேட்டதில்லை. நீரிறைக்கும் இயந்திரம் வைத்து வெங்காயத்துக்கு இறைக்கத் தொடங்கிய பிறகு, எங்கே எவ்வளவு நேரம் இறைக்கலாம் என்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே எத்தனை அடி நிற்கிறதோ அதைப் போல நாற்பது மடங்கு ஆழம் வரை நன்னீர் கீழே இருக்கும் என்பது நிலத்தடி நீரைப் பற்றிப் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் காலப்போக்கில் கீழே நாற்பது அடி போய்விடும் என்றுதான் அதற்குப் பொருள். என் மகன் அந்தக் குவளையைப் பார்த்த பிறகு, குழாயைத் திறந்துவிட்டு வெளியே போகும் பழக்கத்தைத் தானே விட்டுவிட்டான்.

கணக்குக்கும் தோட்டம் நல்ல இடம். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். எங்களிடம் ஆறு பரப்பு இருக்கிறது. அது ஏக்கரில் எவ்வளவு என்று மகன் பாத்தி கட்டும்போது கேட்டான். நான் விடை சொல்லவில்லை. பதினாறு கற்களை வரப்பில் அடுக்கி ஆறைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். காலும் இல்லை, அரையும் இல்லை, இடையில் ஏதோ ஒன்று என்று அவன் சொன்னது எனக்குப் போதுமாக இருந்தது.

முன்பள்ளி ஆசிரியை, சாவகச்சேரி:

மூன்றரை வயதுப் பிள்ளைகளோடு தினமும் இருப்பவள் என்ற வகையில் மொழியைப் பற்றி எழுத விரும்புகிறேன். விஜயதசமி அன்று அரிசியில் "அ" எழுதி ஏடு தொடக்கிய மறுவாரமே கொப்பி நிறைய எழுத்து எதிர்பார்க்கும் பெற்றோர்கள் எங்களிடம் வருகிறார்கள். பென்சிலைப் பிடிக்கும் விரல்கள் பலப்படுவதற்கு முன்னர் எழுது எழுது என்றால், பிள்ளைக்கு எழுத்தின் மீது வரும் முதல் உணர்வு கைவலியாகத்தான் இருக்கும். நாங்கள் புளியங்கொட்டை பொறுக்கவும், மண் பிசையவும், ஐந்து கற்களைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக் கொக்கான் வெட்டவும் விடுகிறோம். கொக்கான் வெட்டும் பிள்ளை, ஒன்றை எடுத்தால் மிச்சம் நான்கு, இரண்டை எடுத்தால் மிச்சம் மூன்று என்று வாய் திறக்காமலே கழித்துக்கொண்டிருக்கும்.

வீட்டில் ஆங்கிலம் பேசலாமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்களும் உங்கள் கணவரும் ஆங்கிலத்தில் இயல்பாக நினைத்துப் பேசுபவர்களாக இருந்தால் பேசுங்கள். இல்லையென்றால், தமிழில் ஆயிரம் சொற்களோடு பேசக்கூடிய தாய், ஐம்பது ஆங்கிலச் சொற்களுக்குள் தன்னைச் சுருக்கிக்கொண்டு பிள்ளையோடு பேசுவது பிள்ளைக்கு இழப்பு. ஏன் என்று கேட்கவும், எனக்கு இப்படித் தோன்றுகிறது என்று சொல்லவும், இல்லை என்று மறுக்கவும் ஒரு மொழி முழுமையாக இருக்க வேண்டும். அந்தப் பலம் ஒரு மொழியில் வந்துவிட்டால் இரண்டாவது மொழி அதன் மேல் நன்றாக ஏறும். ஆங்கிலத்தைப் பாட்டாகவும் கதையாகவும் விளையாட்டாகவும் கொடுங்கள். சிங்களத்தையும் அப்படியே கொடுக்கலாம். பாடசாலையிலும் தொடக்க வகுப்புகளில் ஆங்கிலம் பேச்சு வழியாகத்தான் அறிமுகமாகிறது.

அம்மம்மாவோடு பேச விடுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டும். இது, அது என்று இரண்டாகச் சுட்டுவது பொதுவழக்கு; எங்கள் ஊர்ப் பேச்சில் இது, உது, அது என்று மூன்று இருக்கின்றன. எனக்குக் கிட்ட இருப்பது இது, உனக்குக் கிட்ட இருப்பது உது, இருவருக்கும் தள்ளி இருப்பது அது. தொல்காப்பியம் அ, இ, உ ஆகிய மூன்றையும் சுட்டு என்று சொல்கிறது. அந்த மூன்றாவது சுட்டு யாழ்ப்பாணத்து அடுப்படியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. எங்கள் முன்பள்ளியில் ஒரு பந்தை வைத்து, யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்து இது, உது, அது என்று மாற்றி மாற்றிச் சொல்லும் விளையாட்டை விளையாடுகிறோம். இடத்தை மற்றவரின் கண்ணால் பார்க்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் காணவில்லை.

விஞ்ஞானத்துக்கு அடுப்படியே போதும். ஆலத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஏன் சிவக்கின்றன? அந்தச் சிவந்த நீரில் தேசிக்காய்ப் புளியைத் துளித்துளியாக விட்டால் மறுபடியும் மஞ்சளாகிவிடும். செவ்வரத்தம் பூவின் இதழ்களைச் சுடுநீரில் ஊற வைத்த சாற்றில் தேசிக்காய் விட்டால் சிவக்கும், சுண்ணாம்பு விட்டால் பச்சையாகும். சுண்ணாம்பைப் பெரியவர்கள்தான் கையாள வேண்டும். கண்ணில் பட்டால் ஆபத்து.

குருநகரிலிருந்து ஒரு தாய்:

எல்லோரும் எழுதியதை வாசித்தேன். மறுத்துச் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கணவர் கடற்றொழிலாளி. நான் மீன் வெட்டிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். என் மூத்த மகள் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்ததால்தான் அவளுக்கு உதவிப்பணம் கிடைத்தது, வசதியுள்ள பாடசாலையிலும் இடம் கிடைத்தது. நல்ல மனம் கொண்ட ஓர் ஆசிரியர் பணம் வாங்காமல் மாலையில் படிப்பித்திராவிட்டால் அது நடந்திருக்காது. வகுப்புக்கு அனுப்புவது பிள்ளையின் ஆசையைக் கொல்லும் என்று பொதுவாகச் சொல்லும்போது, எங்களைப் போன்றவர்களுக்கு இருக்கும் ஒரே ஏணியையும் எடுத்துவிடச் சொல்வது போல இருக்கிறது. குவளையில் உப்புத் தண்ணீர் ஊற்றிக் காட்ட எனக்கு நேரமும் இல்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் மீன் வெட்டும்போது மகள் பக்கத்தில் இருப்பாள். வயிற்றைக் கீறினால் வெள்ளையாக ஊதிய ஒரு பை வரும். அது என்ன என்று கேட்டாள். மீன் தண்ணீரில் தாழாமலும் எழும்பாமலும் நிற்பதற்கு அந்தக் காற்றுப்பைதான் உதவுகிறது என்று அவளுடைய ஆசிரியர் விளக்கினார். அடுத்த நாள் சுறா வந்தபோது தேடினாள், இல்லை. ஏன் இல்லை என்று அவள் கேட்டதற்கு, சுறாவின் ஈரல் எவ்வளவு பெரியது என்று அவள் தகப்பன் காட்டினார். அதில் இருக்கும் எண்ணெய்தான் சுறாவுக்கு மிதப்பைக் கொடுக்கிறது என்று பின்னர் அறிந்தோம். இன்று அவள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். வகுப்பும் இருந்தது, மீன் வெட்டும் பலகையும் இருந்தது. எதை விட்டிருந்தாலும் அவள் வந்திருக்க மாட்டாள் என்றே நான் நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வடமராட்சி:

குருநகர்த் தங்கச்சி சொன்னதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். வசதியற்ற பிள்ளைகள் நல்ல பாடசாலையில் படிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடுதான் அந்தப் பரீட்சை வந்தது. நானும் மாலை வகுப்பு வைத்தவன்தான். தரம் ஐந்தில் ஓராண்டு ஒழுங்காகப் பயிற்சி செய்வது வேறு; ஆறு வயதிலேயே தொடங்கி, வினாத்தாளில் வராத கேள்வி கேள்வியே அல்ல என்று பிள்ளை நம்பும் அளவுக்குக் கொண்டுபோவது வேறு. கோப்பாய்த் தங்கச்சியின் மகளுக்கு இப்போது வகுப்பு வேண்டாம் என்பதே என் கருத்து. மாமியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

விஞ்ஞானத்துக்கு ஆங்கிலம்தான் வேண்டும் என்று நினைக்கும் உங்கள் கணவருக்கும் ஒரு செய்தி. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் 1860களில் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கினார். அதற்காக உடற்கூற்றியலையும் இரண வைத்தியத்தையும் இரசாயனத்தையும் தமிழில் கொண்டுவந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் தமிழைக் கற்று அதில் விஞ்ஞானம் சொல்ல முடியும் என்று நம்பிய ஊரில் இருந்துகொண்டு, எங்கள் பிள்ளையின் முதல் "ஏன்" தமிழில் வருவதைப் பற்றி நாங்கள் கவலைப்படத் தேவையில்லை. ஆங்கிலம் கட்டாயம் வேண்டும், அது வரும்.

ரொறன்ரோவிலிருந்து ஒருவர்:

அச்சுவேலியில் பிறந்து இங்கே இருபது ஆண்டுகளாக வாழ்கிறேன். என் மகனுக்குத் தமிழ் கிழமையில் ஒரு நாள் வகுப்பில் படிக்கும் பாடமாக இருந்தது. அதை மாற்றியது ஊரில் இருக்கும் என் அக்காவின் மகளோடு அவன் செய்த ஒரு வேலை. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரிகிறதோ அதுவே நாம் நிற்கும் இடத்தின் அகலக்கோடு. கையை நேரே நீட்டி மடக்கிப் பிடித்தால் கைமுட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை வரும். பிள்ளையின் கை சிறியதானாலும் அதற்கேற்பக் கையின் நீளமும் குறைவதால் கணக்கு மாறாது. பருத்தித்துறைக் கடற்கரையில் வடக்கே கடலைப் பார்த்து நின்ற மருமகளுக்கு அந்த நட்சத்திரம் கடலுக்கு மேலே ஒரு முட்டி உயரத்தில் மங்கலாகத் தெரிந்தது. இங்கே என் மகன் நான்கு முட்டி அடுக்கியும் போதவில்லை. ஒரே நட்சத்திரம் ஏன் இரண்டு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பற்றி இருவரும் தொலைபேசியில் பல நாட்கள் வாதாடினார்கள். மருமகளுக்கு ஆங்கிலம் குறைவு என்பதால் வாதம் தமிழில் நடந்தது. அடிவானம், பாகை, சாய்வு ஆகிய சொற்களை அவன் அகராதியில் தேடி எடுத்தான். பேச ஏதாவது இருந்தால்தான் மொழி வேண்டியிருக்கிறது. உங்கள் உறவினரின் பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். பங்குனி மாதத்தில் வானம் தெளிவாக இருக்கும்.

கோப்பாய்த் தாய்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று கிழமைகள் கழித்து எழுதுகிறேன். கணவரும் மாமியும் இந்த ஆண்டு வகுப்பு வேண்டாம் என்பதற்குச் சம்மதித்துவிட்டார்கள். மாமிக்கு இன்னும் முழு மனம் இல்லை, ஆனால் ஆலத்தி நீரில் தேசிக்காய் விட்டுப் பேத்திக்குக் காட்டியவர் அவரேதான். மகள் கண்ணில் படும் சொற்களுக்கெல்லாம் மாத்திரை தட்டுகிறாள். குவளைப் பரிசோதனை முதல் இரண்டு முறையும் கலங்கிவிட்டது. மூன்றாவது முறை சரியாக வந்தது. கலங்கியபோது நான் சலித்துக்கொள்ளவில்லை என்பதை அவள் கவனித்தாள் என்று நினைக்கிறேன்.

மூத்தவனிடம் நான் எதையும் செய்யச் சொல்லவில்லை. விறகுக் கொட்டிலில் தகரத்தில் பழைய ஆணித் துளை ஒன்று இருக்கிறது. நானும் மகளும் கடதாசியைப் பிடித்துக்கொண்டு தடுமாறுவதைப் பார்த்துவிட்டு அவன் வந்து நாடாவை வாங்கினான். தூரம் 210 சென்ரிமீற்றர், வட்டத்தின் அகலம் 21 மில்லிமீற்றருக்கும் 22க்கும் இடையில். பிரித்தால் 98 அளவில்தான் வருகிறது, 108 வரவில்லை. மறுநாளும் அளந்தான், அதே விடைதான். நேற்று இரவு நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து, "நான் பிழையாக அளக்கவில்லை அம்மா, அப்படியென்றால் ஏன் குறைகிறது?" என்று கேட்டான். ஐயா, அவனுக்கு நான் என்ன சொல்லட்டும்?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வடமராட்சி:

தங்கச்சி, அவன் சரியாகத்தான் அளந்திருக்கிறான். அதை முதலில் சொல்லுங்கள். அந்த ஆணித் துளையின் அகலம் எவ்வளவு என்று அளந்துபார்க்கச் சொல்லுங்கள். துளை ஒரு புள்ளியாக இருந்தால் வட்டம் எவ்வளவு சிறுத்திருக்கும் என்றும் கேளுங்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டாம். இரண்டு நாளில் அவனுக்குப் பிடிபடாவிட்டால் தகரத்துளைக்கு மேலே கடதாசி ஒட்டி, குண்டூசியால் இன்னொரு துளை போட்டுப் பார்க்கட்டும். வட்டம் மங்கும், ஆனால் எண் மாறும். என்ன வந்தது என்று அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.